டெக்சாஸ் மின்சார விதிகளில் எண்ணெய்க் கம்பெனியைத் தேடுவது எப்படி?

ஹூஸ்டனில் கரண்ட் பில் எகிறினால் நம் ஆட்கள் பில் அனுப்பிய கம்பெனியைத்தான் திட்டுகிறார்கள். ஒரு ஆலைக்கு மின்சாரம் வாங்கும் வேலையில் இருந்தவன் நான். எண்ணெய்க் கம்பெனிகளின் செல்வாக்கைப் பார்க்க வேண்டுமா? விதி எழுதும் இடத்துக்குப் போங்கள். தாள்கள் எல்லாம் பொதுவில்தான் கிடக்கின்றன.

முதலில் டெக்சாஸின் மின் கட்டமைப்பை நடத்தும் எர்காட் (ERCOT) அமைப்பின் இணையதளம். மாநிலத்தின் மின் தேவையில் சுமார் 90 சதவீதம் இவர்கள் கையில். சந்தை விதியை மாற்ற நினைப்பவர் என்பிஆர்ஆர் (NPRR) என்ற விதிமாற்றக் கோரிக்கைப் படிவம் கொடுக்க வேண்டும். விதியின் வாசகத்தோடு மல்லுக்கட்டாதீர்கள், எனக்கே தூக்கம் வரும். கேட்டவர் யார், எந்தக் கம்பெனி, எந்தப் பிரிவு என்ற கட்டத்தைப் பாருங்கள். அப்புறம் அதே எண்ணின் கீழ் வந்த கருத்துரைகள், அதற்கடுத்து தொழில்நுட்ப ஆலோசனைக் குழுவின் வாக்குப் பட்டியல். அந்தக் குழுவில் 30 இடங்கள், சந்தையில் இருப்பவர்களின் 7 பிரிவுகளுக்கு. ஷெல்லின் மின்வணிகக் கிளை மின் வணிகர் பிரிவில் இடம்பெற்றதுண்டு. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை போன்ற பெரிய ஆலைகள் நுகர்வோர் பிரிவில் வரும். உங்கள் வீடும் அதே பிரிவுதான்! ஆகவே 'நுகர்வோர் ஆதரவு' என்று கண்டால், எந்த நுகர்வோர் என்று தோண்டுங்கள்.

இது ஏன் முக்கியம்? ஜூன் முதல் செப்டம்பர் வரை, மாதத்துக்கு ஒருமுறை, மொத்த மின் தேவை உச்சத்தைத் தொடும் 15 நிமிடம். அந்த நான்கு நேரங்களில் எவ்வளவு இழுத்தார்கள் என்பதை வைத்தே பெரிய ஆலைகளுக்கு அடுத்த ஆண்டில் மின்சாரத்தைக் கடத்தும் கம்பித் தடங்களின் செலவில் எவ்வளவு பங்கு என்பது தீர்மானமாகும். உச்சம் எப்போது என்று கணித்து ஆலையைக் குறைத்துவிட்டால் செலவு மற்றவர் தலையில் விழும். ஆகஸ்ட் மாலை ஐந்து மணிக்கு நீங்கள் ஏசியை அணைப்பீர்களா? 2025-ல் வந்த டெக்சாஸ் செனட் மசோதா 6 இந்த முறையை மறுபரிசீலனை செய்யச் சொன்னது. மாநிலத்தின் மின்துறையை ஒழுங்குபடுத்தும் பொதுப் பயன்பாட்டு ஆணையத்தின் (PUC) தளத்தில் இந்த மறுபரிசீலனைக்கான வழக்கு எண்ணைத் தேடி, யார் என்ன எழுதிக் கொடுத்தார்கள் என்று படியுங்கள்.

அடுத்தது ரயில்ரோடு கமிஷன். பெயரில்தான் ரயில், வேலை எண்ணெய்யும் எரிவாயுவும். 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் பல எரிவாயு நிலையங்களுக்கே கரண்ட் போனது, கரண்டை நிறுத்தக்கூடாத அத்தியாவசிய இடங்களின் பட்டியலில் அவை பதிவாகவில்லை என்பதால். பிறகு கமிஷன் போட்ட முதல் வரைவு விதியில், 150 டாலர் கட்டி அந்தப் பட்டியலிலிருந்து விலக்குக் கேட்கலாம் என்றிருந்தது. செனட்டர்கள் கொதித்த பிறகே இறுக்கினார்கள். எப்போதும் வரைவையும் இறுதி விதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். நடுவில் எது மாறியது என்பதில்தான் விஷயம்.

கமிஷனர்கள் மூவரும் தேர்தலில் ஜெயித்து வருபவர்கள். நன்கொடைக்கு உச்சவரம்பு இல்லை. தேர்தல் நன்கொடைக் கணக்குகள் கிடைக்கும் டெக்சாஸ் எதிக்ஸ் கமிஷன் தளத்தில் கம்பெனி பெயரை மட்டும் போட்டுத் தேடினால் ஏமாறுவீர்கள். கம்பெனி நேரடியாகப் பணம் தரக்கூடாது. அரசியல் நிதிக் குழுக்களின் பெயர்களையும், நன்கொடையாளர் எங்கே வேலை பார்க்கிறார் என்ற பத்தியையும் பாருங்கள். நன்கொடை தேதியும் விதி தேதியும் ஒட்டி வருவதை மட்டும் வைத்து லஞ்சம் என்று எழுதிவிடாதீர்கள். நன்கொடை தந்தவர்கள் கேட்ட வாசகமே இறுதி விதியில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.