ஸ்டிக் தானாக நகர்கிறதா? கன்ட்ரோலரைத் தூக்கிப் போடுவதற்கு முன்

கேம் கன்ட்ரோலரில் கட்டைவிரலால் தள்ளும் ஸ்டிக்கை நீங்கள் தொடாமலே கேமில் ஆள் மெல்ல நடந்து போகிறான், இல்லை கேமரா தானாக ஒரு பக்கம் திரும்புகிறது. இதைத்தான் டிரிஃப்ட் என்பார்கள். உடனே புதுசு ஆர்டர் போடாதீர்கள். டிரிஃப்ட் எல்லாம் ஒரே வகை கிடையாது, வகையைப் பொறுத்துத்தான் வைத்தியம்.

எந்த வகை என்று பார்க்க கன்ட்ரோலரைக் கம்ப்யூட்டரில் இணைத்து, விண்டோஸ் ஸ்டார்ட் மெனுவில் 'செட் அப் யூஎஸ்பி கேம் கன்ட்ரோலர்ஸ்' என்று தேடி, உங்கள் கன்ட்ரோலரின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தால் ஒரு பெட்டிக்குள் சின்னக் கூட்டல் குறி தெரியும். ஸ்டிக்கை இடது கோடி வரை தள்ளிச் சட்டென்று விடுங்கள், அப்புறம் வலது, மேல், கீழ். எப்படி விட்டாலும் நடுவை விட்டு விலகி ஒரே இடத்தில் வந்து நின்றால் கேலிப்ரேஷனே போதும், அதாவது நடு எது என்று கன்ட்ரோலருக்குத் திரும்பச் சொல்லிக்கொடுப்பது. எந்தப் பக்கமிருந்து விட்டீர்களோ அந்தப் பக்கமே லேசாகச் சாய்ந்து நின்றால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. சும்மா இருக்கும்போதே குறி நடுங்கினால் உள்ளே அழுக்கு, அல்லது தேய்மானம். எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் இரண்டு ட்ரிகரையும் (ஆள்காட்டி விரலால் இழுக்கும் பட்டன்கள்) சேர்த்து அழுத்தினால் இந்தத் திரையில் ஒன்றை ஒன்று ரத்து செய்துவிடும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இரண்டையும் ஒரே அச்சில் காட்டுவதால் வருவது அது.

தேய்மானம் ஏன்? பெரும்பாலான ஸ்டிக்குகளுக்குள் இருப்பது பொட்டென்ஷியோமீட்டர், அதாவது கார்பன் தடத்தின் மேல் ஒரு உலோக நாக்கு உரசிக்கொண்டே இருக்கும். பழைய ரேடியோவில் வால்யூம் திருகும்போது கரகரவென்று சத்தம் வருமே, அதே பாகம், அதே நோய்.

முதல் வைத்தியம் டெட் ஸோன். நடுவில் இவ்வளவு தூரம் வரை அசைவைக் கண்டுகொள்ளாதே என்று சொல்வது. விண்டோஸ் கேம்கள் கன்ட்ரோலரைப் படிக்கப் பயன்படுத்தும் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்இன்புட்டில் இடது ஸ்டிக்குக்குத் தரப்பட்டிருக்கும் அளவு 7849, முழு வீச்சோ 32767, கிட்டத்தட்ட 24 சதவீதம். இதை அப்படியே எடுத்துக்கொள்ளும் கேமில் சின்ன டிரிஃப்ட் தெரியவே தெரியாது, டெட் ஸோனைக் குறைத்து வைத்த கேமில் அதே கன்ட்ரோலரில் டிரிஃப்ட் தெரிய ஆரம்பித்துவிடும். கம்ப்யூட்டரில் கேம் வாங்கி ஆடும் ஆப்பான ஸ்டீமின் செட்டிங்ஸில் கன்ட்ரோலர் பகுதிக்குப் போய் முதலில் கேலிப்ரேட் செய்யுங்கள், பிறகு டெட் ஸோனைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, நகர்வு நின்ற இடத்திலேயே விட்டுவிடுங்கள். அதற்கு மேல் ஏற்றினால் ரேஸிங் கேமில் ஸ்டியரிங் மரத்துப்போகும், குறி பார்த்துச் சுடுவதும் கஷ்டம்.

பிளேஸ்டேஷன் 5-இன் டூயல்சென்ஸ் மாதிரி ஜைரோ (கன்ட்ரோலரைத் திருப்புவதை உணரும் சென்சார்) உள்ள கன்ட்ரோலர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு நல்ல வழி உண்டு. ஸ்டீமுக்குள்ளேயே இருக்கும் கன்ட்ரோலர் வசதியான ஸ்டீம் இன்புட்டில் ஜைரோவை மவுஸாக மாற்றி, இடது ட்ரிகரை அழுத்தும்போது மட்டும் வேலை செய்யும்படி வையுங்கள். நுணுக்கமான குறியைக் கையை அசைத்தே பிடித்துவிடலாம், வலது ஸ்டிக் சும்மா திரும்புவதற்கு மட்டும் என்பதால் அதில் டெட் ஸோன் பெரிதாக இருந்தாலும் உறுத்தாது. பழக ஒரு வாரம் ஆகும், பழகிய பிறகு என்னால் ஸ்டிக்குக்குத் திரும்ப முடியவில்லை. பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரை விண்டோஸில் பயன்படுத்த உதவும் டிஎஸ்4விண்டோஸ் சாஃப்ட்வேரும் ஸ்டீம் இன்புட்டும் ஒரே நேரத்தில் ஓடினால் ஒரு அழுத்தம் இரண்டாகப் பதியலாம், ஒன்றை நிறுத்திவிடுங்கள்.

நடுக்கம் இருந்தால் சுத்தம் செய்து பாருங்கள். கன்ட்ரோலரை அணைத்து, பேட்டரி கழற்றக்கூடியதென்றால் கழற்றி, 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் இரண்டு மூன்று சொட்டு ஸ்டிக்கின் இடுக்கில் விட்டு, நன்றாகச் சுழற்றி, முழுதாகக் காயவிடுங்கள். மொபைல் ரிப்பேர் கடைகளில் ஐபிஏ என்று கேட்டால் தெரியும். ஹேண்ட் சானிடைசர் வேண்டவே வேண்டாம், அதில் இருக்கும் மற்ற பொருட்கள் உள்ளே படிந்துவிடும். அழுக்குதான் காரணம் என்றால் இதில் சரியாகும், தடமே தேய்ந்திருந்தால் சில நாளில் திரும்ப வந்துவிடும்.

அப்போது ஸ்டிக் மாட்யூலையே, அதாவது ஸ்டிக்கும் அதன் சென்சாரும் சேர்ந்த பாகத்தையே, மாற்ற வேண்டியதுதான். டூயல்சென்ஸை சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரால் திறக்கலாம். எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலருக்கு நடுவில் துளை உள்ள டி8 டார்க்ஸ் (ஆறு முனை) ஸ்க்ரூ டிரைவர் வேண்டும், ஐந்தாவது ஸ்க்ரூ பேட்டரி அறையின் ஸ்டிக்கருக்கு அடியில் இருக்கிறது, அதைக் கழற்றாமல் நெம்பினால் பிளாஸ்டிக் உடையும். மாட்யூல் ஒவ்வொன்றும் 14 கால்களோடு சால்டர் செய்யப்பட்டிருக்கும், சால்டரிங் பழக்கம் இல்லாதவர்கள் ரிப்பேர்காரரிடம் கொடுப்பதே நல்லது. காசு செலவழித்து மாற்றுவதென்றால் ஹால் எஃபெக்ட் மாட்யூலாகவே போடச் சொல்லுங்கள். காந்தத்தை வைத்து அளப்பதால் உரசல் இல்லை, செகா ட்ரீம்காஸ்ட் 1998லேயே இதைப் பயன்படுத்தியது. ஆனால் ஸ்பிரிங் இதிலும் தளரும், அதனால் இரண்டு மூன்று சதவீத டெட் ஸோனை மட்டும் விட்டுவையுங்கள்.