பைத்தான்ல வாம்ப் பிளகின் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாசம் ரெண்டு பசங்க அவங்க எழுதுன பிளகினை அனுப்பி, அண்ணா கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கன்னு கேட்டாங்க. திறந்து பாத்தா ரெண்டுலயும் நான் ஆரம்பத்துல பண்ண அதே தப்பு, அதே இடத்துல, கிட்டத்தட்ட அதே வரி. இனி ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்குப் பதிலா எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

புதுசா வர்றவங்களுக்காக ரெண்டு வரி. சோனிக் விஷுவலைசர் லண்டன் குயின் மேரி யூனிவர்சிட்டில உருவான சாஃப்ட்வேர், ஒரு ரெக்கார்டிங்கைத் திறந்து உள்ள என்ன இருக்குன்னு கண்ணால பாக்கலாம். அதுல ஓடுற பிளகின் தான் வாம்ப். இது எக்கோ, ரிவெர்ப் மாதிரி சத்தத்தை மாத்தாது, சத்தத்தைக் கேட்டுட்டு இங்க அடி விழுந்துச்சு, இங்க சுருதி இவ்ளோன்னு சொல்லும், அவ்ளோதான். வழக்கமா சி ப்ளஸ் ப்ளஸ்ல எழுதுவாங்க, வாம்பைன்னு ஒரு ராப்பர் போட்டுக்கிட்டா பைத்தான்லயே எழுதிடலாம்.

ஃபைல் பேரும் கிளாஸ் பேரும் ஒண்ணா இருக்கணும்ங்கற மாதிரி விஷயத்தையெல்லாம் விட்டுடுறேன், அதுல தப்பு பண்ணா பிளகின் லிஸ்ட்லயே வராது, உடனே தெரிஞ்சிடும். பிளகின் ஓடும், விடையும் வரும், ஆனா விடை தப்பா இருக்கும், அந்த ரகம்தான் ஆளைக் கொல்லும்.

அரை பிளாக்கை ரெண்டாவது தடவை கூட்டுறது

இதை எத்தனை தடவை பாத்தாலும் எனக்கு எரிச்சல் அடங்கல. ஹோஸ்ட், அதாவது பிளகினை ஓட்டுற சோனிக் விஷுவலைசர், உங்க ப்ராசஸ் ஃபங்ஷனைக் கூப்பிடும்போது ஒரு துண்டு (பிளாக்) ஆடியோவும் ஒரு டைம்ஸ்டாம்ப்பும் தரும். நீங்க டைம் டொமைன், அதாவது அலைவடிவத்தை அப்படியே, கேட்டிருந்தா அந்த டைம்ஸ்டாம்ப் துண்டோட ஆரம்பம். ஃப்ரீக்வென்சி டொமைன் கேட்டிருந்தா ஹோஸ்ட்டே துண்டோட ஓரத்தை மெல்லத் தேய்ச்சு (விண்டோ), எந்த அதிர்வெண் எவ்ளோ இருக்குன்னு பிரிச்சு (எஃப்எஃப்டி) ஸ்பெக்ட்ரமா கொடுக்கும், அப்போ டைம்ஸ்டாம்ப் துண்டோட நடு. ஆரம்பம் இல்ல, நடு.

என்னோட முதல் பிளகின் மிருதங்கத்துல ஒவ்வொரு சொல்லும் எங்க விழுதுன்னு குறிக்கறதுக்கு எழுதுனது. டைம் டொமைன் வாங்கி, நானே நம்பைல (பைத்தானோட கணக்கு லைப்ரரி) எஃப்எஃப்டி எடுத்து, துண்டோட நடுவுக்குக் கொண்டுவர அரை பிளாக்கைக் கூட்டியிருந்தேன், அது வரைக்கும் சரி. அப்புறம் ஹோஸ்ட்டே எஃப்எஃப்டி தருதே, நாம ஏன் மெனக்கெடணும்னு ஃப்ரீக்வென்சி டொமைனுக்கு மாத்துனேன், கூட்டுற அந்த ஒரு வரியை எடுக்கல. பிளாக் 2048 சாம்பிள், ரேட் செகண்டுக்கு 44100 சாம்பிள், அதுல அரை பிளாக்னா 1024 சாம்பிள், அதாவது சுமார் 23 மில்லிசெகண்ட். திரையில முழு பாட்டையும் வச்சுப் பாத்தா ஒண்ணும் தெரியாது, குறியெல்லாம் அடி மேல அழகா உக்காந்த மாதிரியே இருக்கும்.

கையால குறிச்ச தாளத்தோட ஒப்பிட்டப்போ எல்லா அடியும் கொஞ்சம் பின்தங்கியே வந்துச்சு. வாசிச்சவர் தாளத்துக்குக் கொஞ்சம் பின்னாலயே சாஞ்சு வாசிக்கறார், அவர் பாணியே அதுதான்னு நான் பக்கம் பக்கமா நோட்ஸ் எழுதிட்டேன். நாற்பது ரெக்கார்டிங், ரெண்டு வாரம். அப்புறம் ஒரே ஒரு அடியை அலைவடிவத்துல நல்லா ஜூம் பண்ணிப் பாத்தப்பதான், விரல் தோல்ல பட்ட இடம் ஒண்ணு, என் கோடு நிக்கற இடம் ஒண்ணு. மனுஷன் கரெக்டா வாசிச்சிருக்கார், அவர் மேல ஒரு குறையைச் சுமத்திட்டேனேன்னு இன்னிக்கும் உறுத்துது.

இதைப் பிடிக்க அஞ்சு நிமிஷம் போதும். மூணு செகண்ட் முழு அமைதியா ஒரு ஃபைல் பண்ணுங்க, சரியா 1 செகண்ட்ல ஒரே ஒரு சாம்பிளை மட்டும் 1ன்னு வைங்க. பிளகின்ல ஸ்பெக்ட்ரத்தோட மொத்த பலம் எங்க உச்சமோ அங்க குறி போடச் சொல்லுங்க. ஸ்டெப், அதாவது ஒரு துண்டுலருந்து அடுத்த துண்டுக்கு நகர்ற தூரம், 512 சாம்பிள்னா ஆறு மில்லிசெகண்ட் முன்ன பின்ன இருக்கலாம், தப்பில்ல. 1.023 பக்கம் வந்துச்சுன்னா மாட்டிக்கிட்டீங்க. பிளாக்கை 4096 ஆக்கிப் பாருங்க, தள்ளி நிக்கறதும் ரெண்டு மடங்கானா சந்தேகமே வேணாம். அதுக்காக கடைசில 0.023ஐக் கழிச்சுட்டு சரி பண்ணிட்டேன்னு சொல்லாதீங்க, அந்த ரெண்டு பசங்கள்ல ஒருத்தர் அதைத்தான் பண்ணியிருந்தார், வேற யாராவது பிளாக் சைஸை மாத்துன அடுத்த நிமிஷமே அது புதுத் தப்பாயிடும்.

கேட்ட ஸ்டெப் சைஸே கிடைக்கும்னு நம்புறது

நீங்க சொல்றது விருப்பம் மட்டும்தான். சோனிக் விஷுவலைசர்ல யூசரே அதை மாத்திக்கலாம். ஆரம்பத்துல ஒரு தடவை ஓடுற இனிஷியலைஸ்ல வர்ற எண்ணை எடுத்து வச்சுக்கோங்க, கவுன்ட்டரை 512 ஆல பெருக்கி நேரம் கண்டுபிடிக்காதீங்க, அதான் டைம்ஸ்டாம்ப்னு ஒண்ணைக் கையிலயே தர்றாங்களே.

44100ன்னு கோட்லயே எழுதுறது

வீடியோலருந்து எடுத்த ஆடியோ பெரும்பாலும் 48000. அதை 44100ன்னு நெனச்சு சுருதி கணக்குப் போட்டா கிட்டத்தட்ட ஒன்றரை ஸ்வரஸ்தானம் கீழ இறங்கிடும், ரெண்டு கட்டைல பாடுனவர் ஒரு கட்டைக்கும் ஒன்றரைக் கட்டைக்கும் நடுவுல பாடுற மாதிரி காட்டும்.

ப்ராசஸ் உள்ள எல்லாத்தையும் கட்டுறது

அஞ்சு நிமிஷப் பாட்டு, ஸ்டெப் 512ன்னா ப்ராசஸ் சுமார் 26,000 தடவை ஓடும். மெல் ஃபில்டர்பேங்க்கை (ஸ்பெக்ட்ரத்தைக் காது கேக்கற விதத்துல பட்டை பட்டையா பிரிக்கற எண் அட்டவணை) ஒவ்வொரு தடவையும் புதுசா கட்டிட்டு பைத்தான் ஸ்லோன்னு திட்டுறாங்க. அதை இனிஷியலைஸ்ல ஒரு தடவை கட்டுங்க, போதும். சாம்பிள் சாம்பிளா ஃபார் லூப்பும் வேணாம், நம்பை அர்ரேயா வாங்கிக்க வாம்பைல ஃப்ளாக் இருக்கு.

ரீசெட்டை காலியா விடுறது

முந்தின ஸ்பெக்ட்ரத்தைச் சேத்து வச்சிருப்பீங்கல்ல, அதை அங்க துடைக்கணும். இல்லேன்னா அடுத்து ஓடும்போது முதல் துண்டுலயே இல்லாத அடி ஒண்ணு முளைக்கும். அந்த வேரியபிளை கிளாஸ் லெவல்ல போட்டு வச்சுடாதீங்க, செல்ஃப்ல வைங்க, ஒரே பிளகின் ரெண்டு லேயர்ல ஓடுனா ஒண்ணோட குப்பை இன்னொண்ணுக்குப் போகும்.

அமைதியான இடத்துல லாக்

முழு அமைதின்னா மதிப்பு பூஜ்யம், அதுக்கு லாக் எடுத்தா மைனஸ் இன்ஃபினிட்டி வரும், அதனால சின்ன எண் ஒண்ணைக் கூட்டிட்டு லாக் எடுங்க.

அவுட்புட் வகை

அடி, ஸ்வர மாற்றம் மாதிரி எப்ப வேணா வர்றதுக்கு வேரியபிள் சாம்பிள் ரேட். ஒன் சாம்பிள் பெர் ஸ்டெப்னு போட்டீங்கன்னா நீங்க பாத்துப் பாத்து வச்ச நேரத்தை ஹோஸ்ட் கண்டுக்கவே கண்டுக்காது.

எரர் எங்க போச்சுன்னு தேடுறது

ஐகானை கிளிக் பண்ணித் திறந்தா பைத்தான் எரர் கண்ணுலயே படாது. டெர்மினல்லருந்து சோனிக் விஷுவலைசரைத் திறங்க, எந்த வரில விழுந்துச்சுன்னு அங்க வரும்.