பசுமை வீடு: வாங்குவதற்கு முன், இருப்பதைப் பாருங்கள்

சுற்றுச்சூழல் மேல் அக்கறை வந்ததும் பலர் முதலில் செய்வது, புதிதாக எதையாவது வாங்குவதுதான். மூங்கில் டூத்பிரஷ், ஸ்டீல் ஸ்ட்ரா, இன்னொரு துணிப்பை. 2021 டிசம்பரில் தமிழக அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியது, ஒரே பையைத் திரும்பத் திரும்ப எடுத்துப் போகச் சொல்லித்தான். பருத்தி விளையத் தண்ணீரும் உரமும் நிறைய வேண்டும். டென்மார்க் அரசு 2018-ல் வெளியிட்ட ஆய்வின்படி, பருவநிலைப் பாதிப்பை மட்டும் பார்த்தாலே ஒரு பருத்திப் பையை 50 தடவைக்கு மேல் எடுத்தால்தான் அது பிளாஸ்டிக் பையைவிட மேல். வீட்டில் சேர்ந்து கிடக்கும் தாம்பூலப் பைகளில் இரண்டை வண்டியின் சீட்டுக்கு அடியில் போட்டு வையுங்கள். அது போதும்.

இதைவிடப் பெரிய தவறு அடுப்படியில் நடக்கிறது. காய்கறித் தோல், மிச்சச் சோறு, டீத்தூள் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு முடிச்சுப் போட்டுக் கொடுத்துவிடுகிறோம். மக்குகிற குப்பைதானே என்ற நினைப்பு. ஆனால் சென்னையின் கொடுங்கையூர், பெருங்குடி போன்ற குப்பைக் கிடங்குகளில் மலையாகக் குவிந்த குப்பைக்கு அடியில் காற்று புகாது. காற்றில்லாமல் அழுகும் உணவிலிருந்து மீத்தேன் வருகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், கார்பன் டை ஆக்சைடைவிட 25 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு அது. எளிதில் தீயும் பிடிக்கும். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் கிடங்கு பற்றி எரிந்தபோது நாள்கணக்கில் புகைந்தது.

எனவே முதல் வேலை, ஆள் கணக்குப் பார்த்து உலை வைப்பது. அப்புறம்தான், கழிவை வீட்டிலேயே மக்க வைக்கும் உரத்தொட்டி. தொட்டி வைத்த பலரும் நாற்றம் தாங்காமல் சில வாரங்களில் விட்டுவிடுகிறார்கள். பச்சைக் கழிவை மட்டும் கொட்டுவதுதான் காரணம். ஒவ்வொரு முறையும் கழிவு மூடும் அளவுக்குக் காய்ந்த இலையோ தென்னை நார்க்கழிவோ தூவ வேண்டும். கையில் எடுத்துப் பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது. புளித்த மோர் கொஞ்சம் தெளித்தால் மக்குவது சீக்கிரம் தொடங்கும். வெள்ளைப் புழு வந்தால் பயப்படாதீர்கள். ஈரம் கூடிவிட்டது, அவ்வளவுதான். இன்னும் கொஞ்சம் சருகு போட்டுக் கிளறிவிடுங்கள். மீன் கழிவும் எண்ணெய்க் குழம்பும் பழகும்வரை வேண்டாம்.

தண்ணீருக்கு வருவோம். பரிசோதிக்காமலே ஆர்.ஓ. மெஷின் வாங்குவது இப்போது வழக்கமாகிவிட்டது. பல வீட்டு மெஷின்கள் ஒரு லிட்டர் குடிநீருக்கு மூன்று லிட்டர் வரை வெளியே தள்ளுகின்றன. குடிநீரில் டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது இந்தியத் தர அளவு. உங்கள் தண்ணீர் அதற்குள் இருந்து, ஃபுளோரைடு போன்ற வேறு சிக்கலும் இல்லையென்றால், கிருமியை நீக்கினால் போதும். அதைக் கொதிக்க வைப்பதோ யு.வி. (புற ஊதாக் கதிர்) வடிகட்டியோ செய்துவிடும். ஆர்.ஓ. கட்டாயம் தேவைப்படும் வீடுகளில், வெளியேறும் நீரைத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் பிடித்து வையுங்கள். செடிக்குத் தொடர்ந்து ஊற்றினால் மண்ணில் உப்பு ஏறும்.

ஏ.சி.யை 18-ல் வைத்தால் அறை சீக்கிரம் குளிரும் என்பதும் தவறு. சாதாரண ஏ.சி.யில் கம்ப்ரசர் ஒரே வேகத்தில்தான் ஓடும். 18 வைத்தால் நிற்காமல் ஓடும், அவ்வளவே. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது எரிசக்தித் திறன் வாரியம். 24-ல் வைத்து ஃபேனையும் போடுங்கள். பழைய ஃபேன் கெட்டுப்போனால் மட்டும், குறைந்த மின்சாரத்தில் ஓடும் பி.எல்.டி.சி. மோட்டார் ஃபேன் வாங்கலாம். 75 வாட் இழுத்த இடத்தில் 30 வாட்தான் இழுக்கும். தினம் 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் 40 யூனிட் குறையும்.

கடைசியாக, மழைநீர்த் தொட்டி. 2003-ல் கட்டாயமாக்கப்பட்டபோது கட்டியதோடு மறந்துவிட்ட வீடுகள் ஏராளம். வண்டல் அடைத்த தொட்டிக்குள் தண்ணீர் இறங்காது, தெருவுக்குத்தான் போகும். மொட்டைமாடியைப் பெருக்கி, குழாயின் வாயைச் சுத்தம் செய்து, தொட்டியில் உள்ள ஜல்லியையும் மணலையும் வெளியே எடுத்துக் கழுவிப் போடுங்கள். புரட்டாசி முடிவதற்குள் செய்துவிட்டால் ஐப்பசி, கார்த்திகை மழை உங்கள் கிணற்றுக்கு இறங்கும்.