முதல் மாதிரிக் காரைக் கட்டுவதும் அடுத்தவர் காருக்குக் கருத்துச் சொல்வதும்

பிளாஸ்டிக் மாதிரிக் கார் கட்டத் தொடங்கும் பலருக்கும் முதல் காரிலேயே ஒரு சிக்கல் வருகிறது. முடித்த காரைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது ஏதோ சரியில்லை என்று தெரிகிறது. எங்கே தவறினோம் என்று மட்டும் புரிவதில்லை. அனுபவமுள்ள ஒருவரிடம் காட்டினால், “பெயிண்ட் இன்னும் நல்லா வந்திருக்கலாம்” என்று சொல்லி முடித்துவிடுகிறார். மாதிரிக் காரில் குறை கண்ணில் படும் இடமும் அது உண்டான இடமும் பெரும்பாலும் வேறு வேறு. கூரையில் பெயிண்ட் ஒட்டாமல் விலகி நின்றால், காரணம் பெயிண்டாக இருக்காது, முந்தின வாரம் கழுவாமல் விட்ட பிளாஸ்டிக்காக இருக்கும். ஆகவே ஒவ்வொரு படியிலும் செய்ய வேண்டியதைச் சொல்லும்போதே, அங்கே தவறினால் அது பின்னால் எங்கே வெளிப்படும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். அதை அறிந்தவரால்தான் இன்னொருவருக்குப் பயன்படும் கருத்தைச் சொல்ல முடியும்.

எடுத்துக்காட்டாக டாமியா நிறுவனத்தின் 1/24 அளவு ஃபோக்ஸ்வாகன் 1300 பீட்டில், 1966ஆம் ஆண்டு மாடலை வைத்துக்கொள்வோம். 1/24 என்றால் உண்மைக் காரின் நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் இருபத்து நான்கில் ஒரு பங்கு என்று பொருள். பீட்டிலின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைப்பட்ட தூரம் 2,400 மி.மீ.; மாதிரியில் அது சரியாக 100 மி.மீ. வர வேண்டும். ஸ்கேலை வைத்து நீங்களே அளந்து பார்க்கலாம். அமெரிக்க கிட்கள் (பாகங்களாகப் பெட்டியில் வரும் மாதிரிகள்) பலவும் 1/25 அளவில் வருகின்றன. ஜப்பானிய கிட்களில் 1/24தான் வழக்கம். அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது இந்தச் சிறு வேறுபாடு தெரியும் என்பதால், எந்த அளவில் சேர்க்கப் போகிறீர்கள் என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்துகொள்வது நல்லது.

படி 1: கழுவுதலும் ஒட்டாமல் பொருத்திப் பார்த்தலும்

வார்ப்பு அச்சிலிருந்து பிளாஸ்டிக் எளிதில் கழன்று வருவதற்காகப் பூசும் எண்ணெய்ப் பொருள் பாகங்களின் மேல் தங்கியிருக்கக்கூடும். பாகங்களை, அவை ஒட்டியபடி வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டாமலே வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து, பழைய பல் துலக்கியால் மெல்லத் தேய்த்துக் கழுவுங்கள். துணியால் துடைத்தால் நூல் துகள் ஒட்டிக்கொள்ளும். காற்றில் உலர விடுங்கள். பிறகு உடல் பாகத்தையும் அடித்தட்டையும் மாஸ்கிங் டேப்பால் சேர்த்து, எங்கே இடைவெளி விழுகிறது, எங்கே இடிக்கிறது என்று பாருங்கள். பெயிண்ட் அடித்த பிறகு இதைக் கண்டுபிடித்தால் சரிசெய்ய இடமிருக்காது.

படி 2: வெட்டுதல்

ஒரு பாகத்தை இரண்டு வெட்டில் எடுக்க வேண்டும். முதல் வெட்டு பாகத்திலிருந்து 2 மி.மீ. தள்ளி; இரண்டாவது வெட்டு மிச்சத்தை நெருக்கமாக நறுக்க. ஒட்டி நிற்கும் சிறு மேட்டைக் கூரான கத்தியால் சீவி, 400, பிறகு 600 எண் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். ஒரே வெட்டில் ஒட்ட நறுக்கினால் பிளாஸ்டிக் உள்ளே பிளந்து வெள்ளைத் தழும்பாகும், சில சமயம் குழியே விழும். அந்தக் குழி அப்போது கண்ணில் படாது; பளபளப்பான பெயிண்ட் ஏறிய பிறகுதான் பம்பரின் ஓரத்தில் ஊசி குத்தியது போலத் தெரியும்.

படி 3: அச்சுக்கோடுகள்

கார் மாதிரியின் தரத்தைத் தீர்மானிக்கும் வேலைகளில் இதைத்தான் நான் முதலிடத்தில் வைப்பேன். கார் உடல் பல துண்டுகள் சேர்ந்த அச்சில் வார்க்கப்படுவதால், அத்துண்டுகள் சந்தித்த இடங்களில் மயிரிழை போன்ற மெல்லிய கோடு நிற்கும். மட்கார்டின் மேல்வளைவும் ஜன்னல் தூண்களும் அது அதிகம் காணப்படும் இடங்கள். நேர் வெளிச்சத்தில் பார்த்தால் தெரியாது. மேசை விளக்கை ஒருபக்கமாகத் தாழ்த்தி உடலைச் சாய்த்துப் பிடியுங்கள், இல்லையென்றால் நகத்தைக் குறுக்கே ஓட்டுங்கள், தட்டும். கத்தியின் முதுகால் சுரண்டி, 600 எண் வாட்டர் பேப்பரை நீரில் நனைத்துத் தேய்த்தால் போய்விடும். பீட்டிலின் உடல் முழுக்க முழுக்க வளைவு என்பதால், தாளை விரலில் சுற்றித் தட்டையாக அழுத்தாமல், வளைவோடு போகும்படி மெல்லிய பஞ்சுத் துண்டின் மேல் வைத்துத் தேய்க்க வேண்டும்.

அந்தக் கையோடு கதவு, பானெட் ஆகியவற்றின் கோடுகளைக் கத்தி முதுகால் மூன்று நான்கு முறை மென்மையாக இழுத்து ஆழப்படுத்துங்கள். பிரைமர் (வண்ணத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு), வண்ணம், கிளியர் (மேலே அடிக்கும் நிறமற்ற பூச்சு) என்று அடுக்குகள் ஏற ஏற இக்கோடுகள் தூர்ந்துபோகும்.

படி 4: ஒட்டுதல்

மாதிரிகளுக்கான மெல்லிய சிமெண்ட் உண்மையில் பசை அல்ல. அது பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். கரைந்த இரு பரப்புகளும் கலந்து, திரவம் ஆவியானதும் ஒன்றாகிவிடும். எனவே ஒட்டும் பரப்பில் பெயிண்டோ குரோமோ இருந்தால் சுரண்டி எடுத்துவிட வேண்டும். பாகங்களைச் சேர்த்துப் பிடித்தபடி பிரஷ்ஷை மூட்டில் தொட்டாலே திரவம் தானாக உள்ளே ஓடும். விரல் மூட்டின் மேல் இருந்தால் அதன் அடியிலும் ஓடி, கைரேகையை அப்படியே பிளாஸ்டிக்கில் பதித்துவிடும். கண்ணாடிப் பாகங்களுக்கு இந்தச் சிமெண்டும் ஆகாது, சூப்பர் குளூவும் ஆகாது. சூப்பர் குளூவின் ஆவி கண்ணாடியை மங்கலாக்கிவிடும். வெள்ளைப் பசை போதும். அது உலர்ந்தால் தெளிந்துவிடும்.

படி 5: பெயிண்ட்

முதலில் பிரைமர், மெல்லிய அடுக்காக. சாம்பல் நிற பிரைமரின் பெரிய பயன், முன் படிகளில் விட்ட தவறுகளை அது ஒளிவுமறைவின்றிக் காட்டிக்கொடுப்பதுதான். கோடு தெரிகிறதா, கீறல் தெரிகிறதா என்று பார்த்து, மீண்டும் தேய்த்து, மீண்டும் அடியுங்கள். இந்தச் சுற்றில் ஒரு நாள் போனாலும் அது வீணல்ல.

வண்ண ஸ்ப்ரே டப்பாவை அடுப்புப் பக்கம் கொண்டு போகாமல், வெதுவெதுப்பான நீரில் சில நிமிடம் வைத்துக் குலுக்கினால் துளி நுண்மையாக வரும். உடலிலிருந்து 20 முதல் 25 செ.மீ. தள்ளிப் பிடித்து, காருக்கு வெளியே தொடங்கி, ஒரே வேகத்தில் கடந்து, வெளியே போய் நிறுத்த வேண்டும். முதல் இரண்டு அடுக்கு பனி படிந்தது போல இருக்கட்டும். இடையிடையே கால் மணி நேரம் விட்டு, கடைசி அடுக்கை மட்டும் ஈரமாகப் படியும்படி அடியுங்கள். தூரம் அதிகமானால் துளிகள் காற்றிலேயே பாதி உலர்ந்து விழுந்து, பரப்பு ஆரஞ்சுப் பழத் தோல் போலச் சொரசொரப்பாகும். நெருங்கினால் பெயிண்ட் வழியும். ஆவியைத் தடுக்கும் மாஸ்க் அணிந்து, நெருப்பு இல்லாத, காற்றோட்டமான இடத்தில்தான் இவ்வேலையைச் செய்ய வேண்டும்.

சென்னையில் கார்த்திகை மாத மழை நாள் ஒன்றின் மாலையில் நான் கருநீல லாக்கரை, அதாவது வேகமாக உலரும் ஒரு வகைப் பெயிண்டை, அடித்தேன். ஐந்தே நிமிடத்தில் உடல் முழுவதும் பால் ஊற்றியது போல வெளுத்துவிட்டது. லாக்கரின் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றிலுள்ள ஈரம் அக்குளிர்ச்சியில் பெயிண்டின் மேல் படிந்து உள்ளே சிக்கிக்கொள்கிறது. வெயில் வந்த நாளில் அதே வண்ணத்தை மெல்லிய அடுக்காக அடித்தபோது வெளுப்பு மறைந்தது. கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் லாக்கர் அடிப்பதைத் தள்ளிப்போடுங்கள்.

அடுக்குகளின் வரிசையும் முக்கியம். லாக்கர் மேல் எனாமல் (மெதுவாக உலரும் பெயிண்ட்) அடிக்கலாம்; எனாமல் மேல் லாக்கர் அடித்தால் கீழ் அடுக்கு சுருங்கித் தோல் உரிந்தது போலாகும். முழுதாக உலர ஒரு வாரமாவது விட்டு, 2000 எண் வாட்டர் பேப்பரால் நீர் விட்டுத் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்டால் மெருகேற்றுங்கள். விளிம்புகளில் பெயிண்ட் எப்போதும் மெல்லியதாகவே நிற்கும் என்பதால் அங்கே கை வைக்காதீர்கள்.

படி 6: நுண்வேலைகள்

டிகாலை (நீரில் நனைத்து ஒட்டும் அச்சிட்ட மெல்லிய படலத்தை) வெதுவெதுப்பான நீரில் ஊறவிட்டு, இழுக்காமல் நழுவவிட்டுப் பொருத்துங்கள். பக்கவாட்டுக் குரோம் பட்டைகளுக்கு ஒட்டும் உலோகத் தாள் பெயிண்டைவிட நன்றாக இருக்கும். வெளிர்நிறக் காரின் கதவுக் கோட்டில் கருப்பு நிறத்தை ஊற்றினால் கார் கேலிச்சித்திரம் போலத் தெரியும். உடலின் நிறத்தைவிடச் சற்று அடர்ந்த நிறத்தில் நீர்த்த எனாமலை ஓடவிடுங்கள்.

படி 7: சக்கரங்கள்

அடித்தட்டைக் கண்ணாடிப் பலகையின் மேல் வைத்தே சக்கர அச்சுகளை ஒட்டி, சிமெண்ட் இறுகும்வரை அசைக்காமல் விடுங்கள். ஒரு சக்கரம் அரை மில்லிமீட்டர் தூக்கி நின்றாலும் அந்தக் கார் எடையற்ற பொம்மையாகிவிடும். 1963இல் பிரிட்டனில் தொடங்கி இன்று பல நாடுகளில் கிளை பரப்பியிருக்கும் ஐ.பி.எம்.எஸ். என்ற பிளாஸ்டிக் மாதிரி கட்டுவோர் அமைப்பின் போட்டிகளிலும் அடிப்படைக் கட்டுமானத்துக்குத்தான் முதன்மை. கூடுதல் வயரும் செதுக்கலும் எத்தனை இருந்தாலும், மூட்டு திறந்திருந்தால், சக்கரம் தரையில் படாமல் நின்றால், அந்த மாதிரி பின்தங்கும்.

அடுத்தவர் காரைப் பார்க்கும்போது

முதலில், எதை எண்ணிக் கட்டினார் என்று கேளுங்கள். தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையில் கட்ட நினைத்தவருக்கும், கற்பனை வண்ணத்தில் விளையாட நினைத்தவருக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது. நிறம் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பது உங்கள் ரசனை. அதைக் குறையாகச் சொல்லக் கூடாது.

அடுத்து, மேலே சொன்ன படிகளின் வரிசையிலேயே பாருங்கள். ஒரு குறையைக் கண்டால் நான்கு செய்திகளைச் சொல்லுங்கள்: எந்த இடத்தில் என்ன தெரிகிறது, அது எந்தப் படியில் உண்டாகியிருக்கக்கூடும், என்ன செய்து பார்க்கலாம், இந்தக் காரிலேயே திருத்தலாமா அடுத்த காருக்கு வைத்துக்கொள்ளலாமா. நான்காவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். திருத்த முடியாத குறையை மட்டும் சொல்லி நிறுத்தினால், கேட்பவருக்குச் செய்ய எதுவும் இல்லாமல் போகிறது. இரண்டு குறைகளுக்கு மேல் ஒரே தடவையில் சொல்ல வேண்டாம். பாராட்டும் இதே அளவு துல்லியமாக இருக்கட்டும். “சூப்பர்” என்பதைவிட, “தூணில் இருந்த அச்சுக்கோடு முழுதாகப் போயிருக்கிறது” என்ற சொல் அவர் எதைத் தொடர வேண்டும் என்பதைக் காட்டும்.

வரலாற்றுப் பிழை சொல்வதாக இருந்தால் கூடுதல் கவனம் தேவை. 1966 பீட்டிலின் முன்விளக்கு மட்கார்டோடு சரிந்து, கண்ணாடி மூடியின் உள்ளே இருக்கும். ஐரோப்பாவில் 1968 மாடலிலிருந்துதான் விளக்கு நிமிர்ந்தது, பம்பரும் மாறியது. அமெரிக்காவுக்குச் சென்ற கார்களிலோ ஓராண்டு முன்னதாக 1967 மாடலிலேயே விளக்கு நிமிர்ந்துவிட்டது. உரிமையாளர்கள் பாகங்களை மாற்றிய உண்மைக் கார்களும் ஏராளம். எனவே “விளக்கு தவறு” என்று சொல்லும் முன், “எந்த நாட்டுக் கார், எந்தப் படத்தைப் பார்த்துக் கட்டினீர்கள்?” என்று கேட்பதே முறை.

என்னிடம் ஒரு தம்பி தன் இரண்டாவது காரை, சந்தன நிறத்தில் ஒரு பீட்டிலை, கொண்டு வந்தார். “எப்படி இருக்கு, அண்ணா? உள்ளதைச் சொல்லுங்க” என்றார். கூரை ஆரஞ்சுத் தோலாக இருந்தது. முன் இடது சக்கரம் தரையைத் தொடவில்லை. கதவுக் கோடுகள் மட்டும் என் காரைவிடத் தெளிவாக இருந்தன. அதைத்தான் முதலில் சொன்னேன், எப்படி இழுத்தார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். பிறகு, “கூரைக்கு எவ்வளவு தூரத்தில் பிடித்து அடித்தீங்க?” என்றேன். கையை விரித்துக் காட்டினார். ஒரு முழத்துக்கும் மேல் இருந்தது. காரணத்தை அவரே சொல்லிவிட்டார். பெயிண்ட் மெல்லியதாக இருந்ததால், தேய்த்தால் பிரைமர் வெளியே வந்துவிடும் என்றும், கூரையை அப்படியே விட்டுவிட்டுச் சக்கரத்தை இன்றே சரிசெய்யலாம் என்றும் சொன்னேன். அவர் கத்தி முனையால் அந்த அச்சைப் பெயர்த்தெடுத்து, பழைய சிமெண்டைச் சீவி, என் மேசைக் கண்ணாடியின் மேல் காரை நிறுத்தி, மூட்டில் ஒரு துளி தொட்டுவிட்டு, அது இறுகும்வரை கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.