பிறந்த ஆண்டுச் சுங்கான்: புதியவர்கள் செய்யும், நானும் செய்த தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி மூன்று படங்கள் அனுப்பினார். தான் பிறந்த ஆண்டில் செய்த சுங்கான் (புகையிலை பிடிக்கும் குழாய்) ஒன்றை இரண்டு வருடம் தேடி வாங்கி, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் புதுப்பித்துவிட்டாராம். முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. "எப்படி இருக்குண்ணே?" என்று கேட்டிருந்தார். நான் பளபளப்பைப் பார்க்கவில்லை. தண்டின் பக்கவாட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். செய்த கம்பெனி அழுத்திய முத்திரை எழுத்துகள் பாதி தேய்ந்த சோப்புக்கட்டியின் எழுத்துகள் மாதிரி இருந்தன. பதினைந்து வருடத்துக்கு முன் நான் செய்த அதே வேலை.

அந்த எரிச்சலில் எழுதுகிறேன். விரிசல் இருக்கிறதா பார்த்து வாங்குங்கள், கீழே போடாதீர்கள் என்பதெல்லாம் இதில் இல்லை. அது உங்களுக்கே தெரியும்.

சொற்களை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். புகையிலை நிரப்பும் பகுதி கிண்ணம். அதிலிருந்து நீளும் மரப்பகுதி தண்டு. வாயில் வைக்கும் கறுப்புத் துண்டு ஸ்டெம். பைப் என்று எழுதாமல் சுங்கான் என்றே எழுதுவதற்குக் காரணம் உண்டு. "பழைய பைப்பெல்லாம் சரி பண்ணுவேன்" என்று சொல்லப்போய், குளியலறைக் கசிவைப் பார்க்க என்னை ஒருவர் கூப்பிட்டிருக்கிறார்.

எல்லாச் சுங்கானுக்கும் ஆண்டு உண்டு என்று நினைப்பது

பெரும்பாலானவற்றுக்குக் கிடையாது. முத்திரையின் எழுத்து வடிவம், லோகோ, நாட்டின் பெயரைப் பொறித்திருக்கும் விதம் இவற்றையெல்லாம் வைத்து "1960களின் பிற்பாதி" என்கிற அளவுக்குத்தான் வர முடியும். விற்பவர் "1972, உறுதி" என்று எழுதியிருந்தால், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். பதில் வராது. வந்தாலும், "எங்க தாத்தா அப்பதான் வாங்கினார்" என்று வரும். தாத்தா வாங்கிய ஆண்டும் ஆலையில் செய்த ஆண்டும் வேறு. கடை அலமாரியில் ஐந்து வருடம் கிடந்த சுங்கான்கள் உண்டு.

ஆண்டு வரைக்கும் நம்பி இறங்க மூன்று வழிகள்தான் எனக்கு உதவியிருக்கின்றன. டன்ஹில் என்ற ஆங்கிலேயக் கம்பெனியின் சுங்கான்களில் இருக்கும் ஆண்டு எண். பிரிட்டன், அயர்லாந்து வெள்ளிப் பூண்களில் (தண்டைச் சுற்றிய வளையம்) இருக்கும் தரமுத்திரை, அதாவது வெள்ளியைச் சோதித்து இடும் அடையாளம். சில கம்பெனிகள் ஆண்டையே பொறித்து வெளியிட்ட ஆண்டுப் பதிப்புகள். தேடலை இங்கிருந்து தொடங்கினால் பாதி அலைச்சல் மிச்சம்.

கண்ணில் படும் எண்ணையெல்லாம் ஆண்டாக வாசிப்பது

டன்ஹில் தண்டில் பல எண்கள் இருக்கும். பழையவற்றில் வட்டத்துக்குள் 4 என்று ஒன்று, பக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்து. வட்டத்துக்குள் இருப்பது அளவுப் பிரிவு. எழுத்து மேற்பரப்பின் வகை. இன்னோர் எண் வடிவத்தைக் குறிக்கும். 4103 மாதிரியான நான்கு இலக்க எண்ணைப் பார்த்துவிட்டு அதில் ஆண்டைத் தேடி மண்டையை உடைத்துக்கொள்கிறவர்களை வருடத்துக்கு நாலு பேராவது பார்க்கிறேன். அதுவும் வடிவ எண்தான்.

நமக்கு வேண்டியது "மேட் இன் இங்கிலாந்து" என்ற வரியின் கடைசி 'டி' எழுத்தை ஒட்டி நிற்கும் சின்ன எண். 1970 முதல் 2000 வரை கணக்கு எளிது: அந்த எண்ணோடு 1960ஐக் கூட்ட வேண்டும். 15 என்றால் 1975. 23 என்றால் 1983. அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில்தான் வழுக்கும். ஒற்றை இலக்கம் ஒன்று இருக்கும். 5 என்றால் 1955ஆகவும் இருக்கலாம், 1965ஆகவும் இருக்கலாம். எண் 'டி'யை விடச் சிறியதாக, சற்றே மேலே தூக்கி இருந்தால் 1950கள். அதே உயரத்தில் இருந்தால் 1960கள். பத்து வருட வித்தியாசம் அரை மில்லிமீட்டரில் இருக்கிறது. பூதக்கண்ணாடி இல்லாமல் வாங்காதீர்கள். படம் பார்த்து வாங்குவதானால் தண்டின் இரண்டு பக்கமும், பக்கவாட்டில் டார்ச் அடித்து எடுத்த படமாகக் கேளுங்கள். நேர் வெளிச்சத்தில் முத்திரை தட்டையாகத் தெரியும்.

வெள்ளிப் பூணை முழுதாக நம்புவது

பூணில் இருக்கும் ஆண்டு எழுத்து அந்த வெள்ளியைச் சோதித்த ஆண்டைச் சொல்லும். சுங்கானைப் பற்றி அது நேரடியாக எதுவும் சொல்வதில்லை. தண்டில் விரிசல் விட்ட சுங்கானுக்குப் பிற்பாடு பூண் மாட்டுவது பழைய வழக்கம், நம் உலக்கைக்குப் போடுவது போலவே. பூணின் விளிம்பு முத்திரை எழுத்தின் மேல் ஏறி நின்றால் அது பின்னால் வந்தது. உள்ளே விரிசல் காத்திருக்கிறது.

எழுத்தை வாசிக்க முதலில் நகரம் தெரிய வேண்டும். நங்கூரம் பர்மிங்காம், சிறுத்தைத் தலை லண்டன். 1975க்கு முன் ஒவ்வோர் ஊருக்கும் தனி வரிசை. ஒரே எழுத்து ஊருக்கு ஊர் வேறு ஆண்டு. அதுபோக எழுத்து மாறிய நாள் ஜனவரி 1 கிடையாது. லண்டனில் மே மாதம், பர்மிங்காமில் ஜூலை. ஆக, ஓர் எழுத்து இரண்டு காலண்டர் ஆண்டுகளில் கால் வைத்து நிற்கும். நீங்கள் பிப்ரவரியில் பிறந்தவர் என்றால் அதற்கு முந்தைய ஆண்டில் தொடங்கிய எழுத்துதான் உங்களுடையது. 1975 ஜனவரியில் பிரிட்டனின் எல்லா ஊர்களும் ஒன்றாக 'ஏ'யிலிருந்து தொடங்கின. அந்த ஆண்டில் பிறந்த எனக்கு மட்டும் இது ஒரு சின்னச் சலுகை.

அயர்லாந்துக் கம்பெனியான பீட்டர்சனின் சுங்கான்களில் இன்னொரு பொறி. பூணில் வரிசையாக ஒரு வேட்டைநாய், ஒரு வட்டக் கோபுரம், ஒரு மூவிலை. பார்த்தால் தரமுத்திரை மாதிரியே இருக்கும். அது கம்பெனி அடையாளம். பூண் நிக்கல். அசல் ஐரிஷ் வெள்ளி என்றால் அமர்ந்திருக்கும் பெண் உருவமும் முடிசூடிய யாழும் இருக்க வேண்டும், கூடவே ஆண்டு எழுத்து. நாயையும் கோபுரத்தையும் எழுத்துப் பட்டியலோடு ஒப்பிட்டு மூன்று இரவு உட்கார்ந்திருந்தேன். வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

முத்திரையைத் தேய்ப்பது

இதற்காகத்தான் எழுத ஆரம்பித்தேன்.

15 என்ற எண்ணுள்ள டன்ஹில்லுக்காக நான்கு வருடம் தேடினேன். கிடைத்தது நன்றாகவே இருந்தது. கிண்ணத்தில் பழைய கரி, ஸ்டெம்மில் பழுப்பு, தண்டின் இடப்பக்கம் ஒரு கீறல். கீறல் நகத்தில் தட்டுப்படக்கூட இல்லை. வெளிச்சத்தில் திருப்பினால்தான் தெரியும். ஆனால் அது என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. 220 நம்பர் உப்புத்தாளை எடுத்தேன். பத்துத் தேய்ப்பில் கீறல் போய்விட்டது. பிறகு 400, 600, 1000. பிறகு பாலிஷ் சக்கரம். சக்கரத்திலிருந்து எடுத்துத் துணியால் துடைத்தபோது மரத்தின் ரேகை தேன் மாதிரி மின்னியது. திருப்பினேன். "மேட் இன்" வரை வாசிக்க முடிந்தது. அதற்கப்புறம் ஒரு மங்கல். எண் இருந்த இடத்தில் அழகான மரம்.

அந்த முத்திரை இல்லாவிட்டால் அது நல்ல ஒரு பழைய சுங்கான், அவ்வளவுதான். நான்கு வருடத் தேடலும் கொடுத்த பணமும் அந்த இரண்டு இலக்கத்துக்கு. மர ரேகைக்காக என்றால் புதிதாகவே ஒன்று வாங்கியிருக்கலாம். வேடிக்கை என்னவென்றால் ஸ்டெம்மில் இருக்கும், டன்ஹில்லின் அடையாளமான வெள்ளைப் புள்ளி அப்படியே இருக்கிறது. அது மேலே அச்சிட்டதில்லை, துளைத்துப் பதித்தது. லேசான தேய்ப்புக்கு அசையாது. ஆக, யார் செய்தது என்று எல்லோருக்கும் தெரியும். எப்போது செய்தது என்பதை நான் சொல்ல வேண்டும், கேட்பவர் நம்ப வேண்டும். ஒரு நண்பர், "அந்த எண்ணைத் திரும்பப் பொறித்துவிடலாமே" என்றார். அதற்குப் பெயர் கள்ள முத்திரை.

ஏன் இவ்வளவு சீக்கிரம் போகிறது? முத்திரை செதுக்கியது கிடையாது. சூடான அல்லது கனமான அச்சை மரத்தில் அழுத்தியது. அதன் ஆழம் மயிரிழை. ஏற்கெனவே பல வருடம் கைபட்டுத் தேய்ந்தது. உப்புத்தாள் மேட்டை இறக்குகிறது. மேடு இறங்கினால் பள்ளம் தானாக இல்லாமல் போகிறது. பாலிஷ் சக்கரம் இன்னும் மோசம், ஏனென்றால் அது உப்புத்தாள் மாதிரி பயமுறுத்துவதில்லை. துணிதானே என்று தோன்றும். அதில் தடவும் டிரிப்போலி ஓர் அரைப்பான். எழுத்தின் கூரான விளிம்பைத்தான் முதலில் மழுக்கும், விளிம்பு போனதும் எழுத்து கண்ணுக்குத் தெரியாது. தம்பி செய்தது இதுதான். உப்புத்தாளைத் தொடவே இல்லை என்று சத்தியம் செய்கிறார். நம்புகிறேன். அவருடைய எண்ணில் 2 தெளிவாக இருக்கிறது. அடுத்தது 3ஆ 8ஆ என்று எனக்குத் தெரியவில்லை. அவர் பிறந்தது 1983இல். அவர் கண்ணுக்கு அது 3.

இன்னொரு வழியிலும் இது போகும், இதைப் பலர் யோசிப்பதில்லை. மரத்தில் விழுந்த நெளிவை எடுக்க ஈரத்துணியை வைத்து அதன்மேல் சூடான கத்தியை அழுத்துவார்கள். ஆவி ஏறி, நசுங்கிய நார் உப்பி மேலே வரும். அருமையான உத்தி. ஆனால் முத்திரையும் நசுங்கிய நார்தான். ஆவிக்கு விபத்தில் விழுந்த நெளிவு எது, கம்பெனி வேண்டுமென்றே போட்ட நெளிவு எது என்று தெரியாது. இரண்டையும் உப்ப வைக்கும்.

முத்திரைக்குச் சுற்றிலும் ஒரு விரல் அகலம் விட்டுவிடுங்கள். மறைப்பு நாடா ஒட்டிக்கொண்டு தேய்க்கலாம் என்பார்கள். நாடாவின் ஓரத்தில் படிக்கட்டு மாதிரி ஒரு மேடு நிற்கும், பிறகு அதைச் சரிசெய்கிறேன் என்று உள்ளே போவீர்கள். அந்தப் பகுதிக்கு ஈரப் பஞ்சு, உலர்ந்த துணி, கையால் தடவும் கார்னாபா மெழுகு போதும். கீறல் இருந்தால் இருக்கட்டும்.

சூடாக இருக்கும்போது ஸ்டெம்மைக் கழற்றுவது

தண்டு பிளக்கும்.

தண்ணீரில் ஊறப்போடுவது

சுங்கான் செய்யும் மரமான பிரையர் என்பது மத்தியதரைக் கடலோரப் புதரொன்றின் வேர்முண்டு. அதை வெட்டி, பல மணி நேரம் வேகவைத்து, மாதக்கணக்கில் உலர்த்தித்தான் கடைசலுக்கு அனுப்புகிறார்கள். அந்த உலர்த்தலை நீங்கள் ஓர் இரவில் அழித்துவிடலாம்.

கரியை மரம் தெரியும் வரை சுரண்டுவது

கிண்ணத்தின் உள்ளே படிந்த கரி முழுக்க அழுக்கு என்று நினைத்து, கத்தியால் சுரண்டிக் கிண்ணத்தின் வட்டத்தையே கோணலாக்கியவர்கள் இருக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டர் அளவு கரி மரத்தைத் தீயிலிருந்து காக்கிறது. அதற்கு மேல் தடித்தால் சூட்டில் அது விரிந்து கிண்ணத்தைப் பிளக்கும். அதனால் குறைக்க வேண்டும்; முழுதாக எடுக்க வேண்டாம், அடியில் விரிசலோ எரிந்த குழியோ இருக்கிறது என்ற சந்தேகம் இருந்தால் தவிர.

பழைய வாடையை எடுக்கக் கிண்ணத்தில் உப்பை நிரப்பி ஆல்கஹால் ஊற்றுவது பிரபலமான முறை. உப்பு தண்டுக்குள் இறங்கி அடைத்துக்கொண்டு ஈரத்தை இழுத்து விரிசல் விடவைத்ததை என் கையாலேயே பார்த்துவிட்டேன். உப்புக்குப் பதில் பஞ்சு வையுங்கள். அதே வேலையைச் செய்யும். ஆல்கஹால் வெளியே வழிந்தால் சாயத்தைக் கொண்டுபோகும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

ஸ்டெம்மை பிளீச்சில் போடுவது

பழைய ஸ்டெம் பெரும்பாலும் வல்கனைட், அதாவது நிறையக் கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர். வெளிச்சம் பட்டுப்பட்டு மேல்தோல் பழுப்பும் பச்சையும் கலந்த நிறமாகிறது. நாக்கில் வைத்தால் கசக்கிறது. பிளீச் அந்தப் பழுப்பை எடுக்கும். கூடவே மேற்பரப்பைப் புள்ளிப்புள்ளியாக அரித்து வைக்கும், அதைத் தேய்த்துச் சமமாக்குவதற்குள் பல் வைக்கும் விளிம்பின் கூர்மை போய்விடும். 400 தாளை ஈரத்தில் போட்டு, பிறகு மைக்ரோமெஷ் என்னும் மிக நுண்ணிய தேய்ப்புத்தாள், 1500 முதல் 12000 வரை. ஒரு மாலை போகும். போகட்டும். லோகோ அச்சிட்டிருந்தால் அதைச் சுற்றிக்கொண்டு போங்கள்.

ஸ்டெம் பழுக்காமல் கண்ணாடி மாதிரி இருந்தால் அது அக்ரிலிக். அதை ஆல்கஹாலில் ஊறப்போடாதீர்கள், நுண்விரிசல் விடும்.

வார்னிஷ்

வேண்டாம். சூட்டில் கொப்பளிக்கும்.

படம் எடுக்காமல் தொடங்குவது

தம்பியிடம், வேலை தொடங்கும் முன் எடுத்த படம் இருக்கிறதா என்று கேட்டேன். பதினெட்டுப் படங்கள் அனுப்பினார். கிண்ணத்தின் ரேகை, கிண்ணத்தின் உள்பக்கம், ஸ்டெம்மின் பழுப்பு, மேசைமேல் வைத்து, உள்ளங்கையில் வைத்து. தண்டு நான்கு படங்களில் இருக்கிறது, நான்கிலும் மங்கலாக. விற்றவரின் பக்கத்திலிருந்த படங்களைச் சேமித்து வைத்தீர்களா என்றேன். விற்றதும் அவர் அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டாராம்.

என்னுடையதற்கு ஒரு படம்கூட இல்லை.