டர்பன் துறைமுகம் வழியாக வரும் பெட்டிகளில் பொருள் குறையாமல் காக்கும் முறை

தீபாவளிக்கும் தைப்பூசக் காவடிக்கும் முன்னதாகச் சென்னையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் பட்டுப்புடவை, பித்தளை விளக்கு முதலியவற்றை வரவழைத்து, ஒரு பங்கை என்3 நெடுஞ்சாலையில் ஜோகன்னஸ்பர்க் கடைகளுக்கு அனுப்பும் டர்பன் வணிகருக்குப் பெரிய தொல்லை, பெட்டி வந்துசேர்ந்தும் உள்ளே நான்கு புடவைகள் குறைந்திருப்பதுதான்.

பாதுகாப்பு, விற்பவரின் கிடங்கிலேயே தொடங்க வேண்டும். பெட்டியின் மேல் சரக்கின் பெயரோ கடையின் விளம்பரமோ இல்லாமல் எண் மட்டும் இருக்கட்டும். எங்கும் கிடைக்கும் பழுப்பு டேப்பை அறுத்தவர் அதே டேப்பால் மீண்டும் ஒட்டிவிடலாம் என்பதால், சொந்தக் குறி அச்சிட்ட டேப்பை எல்லா இணைப்புகளிலும் ஒட்டச் சொல்லுங்கள். பழைய பெட்டிகள் வேண்டாம். முந்தைய டேப்பின் தழும்புகளுக்கிடையே புதிய வெட்டு கண்ணுக்குத் தெரியாது.

நான் மிகவும் நம்புவது தராசைத்தான். ஒவ்வொரு பெட்டியின் எடையையும் கிராம் வரை குறித்த பட்டியலை விற்பவரிடமிருந்து தனியே பெற்று, சரக்கு வந்ததும் பிரிப்பதற்கு முன் நிறுத்துப் பாருங்கள். கடற்காற்றின் ஈரத்தை அட்டை உறிஞ்சுவதால் எடை சற்றே கூடலாம். அரைக் கிலோ குறைந்திருந்தால் அந்தப் பெட்டியைச் சாட்சி வைத்துப் படமெடுத்தபடியே திறக்க வேண்டும்.

முழு கன்டெய்னர் எடுப்பவர்கள் ஐஎஸ்ஓ 17712 தரத்தில் உயர் பாதுகாப்பைக் குறிக்கும் ‘எச்’ குறியுள்ள போல்ட் சீலையே, அதாவது வெட்டினால்தான் கழலும் ஆணிப் பூட்டையே, கேளுங்கள். சீல் எண்ணைக் கப்பல் ரசீதோடு ஒப்பிட்டு, சீலை இழுத்தும் திருகியும் பார்ப்பதோடு, கதவுக் கைப்பிடியைப் பிணைக்கும் ரிவெட் ஆணிகளையும் பார்க்க வேண்டும். சீலைத் தொடாமல் ரிவெட்டைக் கழற்றிக் கதவு திறப்பதும் உண்டு. பலரின் சரக்கோடு சேர்ந்து வரும் பெட்டிகளுக்கோ, கிடங்கில் கன்டெய்னரைத் திறந்ததும் சீலின் காவல் முடிந்துவிடுகிறது. ஆகவே பிரித்த அன்றே எடுத்துவிட முயலுங்கள். ஜோகன்னஸ்பர்க்குக்கு அனுப்பும்போது பெட்டிகளை அடுக்கிய பேலட்டைக் கறுப்பு உறையால் சுற்றுவது நல்லது.

சரக்கைப் பெற்றதாகச் சீட்டில் கையெழுத்திடும்போது அவசரம் கூடாது. பல ஆண்டுகளுக்கு முன் “நல்ல நிலையில் பெற்றேன்” என்று எழுதிக் கொடுத்துவிட்டு, மறுநாள் குறை கண்டு கேட்டபோது, அந்த ஒரு வரியைக் காட்டியே என்னைத் திருப்பி அனுப்பினார்கள். கிழிசல், எடைக் குறைவு, டேப் மாற்றம் எதுவானாலும் ஓட்டுநர் முன்னிலையில் சீட்டிலேயே எழுதுங்கள். வெளியே தெரியாத குறையைக் கடல்வழிச் சரக்குக்குரிய ஹேக்–விஸ்பி விதிகளின்படி 3 நாளுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். வழக்குத் தொடர 1 ஆண்டே உண்டு.