கிளீனிங் தொழில்: விலை சொல்லுமுன் வீட்டைப் பாருங்கள்

மட்டக்களப்பில் வீடு, கந்தோர் துப்புரவு செய்து கொடுக்கும் தொழிலைத் தொடங்குபவர்கள் முதலில் சறுக்குவது விலையில்தான். வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்காரர் கோல் எடுத்து, "மூன்று அறை, ஒரு ஹோல். எவ்வளவு எடுப்பீங்கள்?" என்று கேட்பார். உடனே ஒரு தொகையைச் சொல்லிவிடாதீர்கள். இரண்டு வருடம் பூட்டிக் கிடந்த வீடும் தினமும் ஆள் புழங்கும் வீடும் அறைக் கணக்கில் ஒன்றாக இருக்கலாம், வேலையில் ஒன்றல்ல. தண்ணீர் வருகிறதா, கரண்ட் இருக்கிறதா, மாரி மழைக்குச் சுவரில் பூஞ்சணம் பிடித்திருக்கிறதா, வளவுக் குப்பையை யார் அகற்றுவது என்று நேரில் பார்த்துக் கதையுங்கள். இல்லாவிட்டால் அரை நாள் வேலை இரண்டு நாளுக்கு இழுபடும். அந்த நட்டத்தை வேலைக்கு வந்த பெண்களின் கூலியில் கழிக்கிறார்கள் சிலர். அது அநியாயம்.

விலையில் சேர வேண்டியது இன்னொன்றும் உண்டு. ஒரே ஒருவரை வேலைக்கு வைத்தாலும் அவருடைய சம்பளத்தைக் கணக்கிட்டு ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் நீங்கள் உங்கள் காசில் கட்ட வேண்டும். சேமலாப நிதிக்காக அவருடைய சம்பளத்தில் பிடிப்பது 8 வீதம் மட்டுமே.

அடுத்தது அசிட். கிணற்றுத் தண்ணீரில் இரும்பு கூடிய இடங்களில் மலசலகூடப் பீங்கானில் செம்மஞ்சள் கறை படியும். அதை எடுக்க அசிட் உதவும். அதே போத்தலோடு சீமெந்துத் தரைக்குப் போவதுதான் பிழை. சீமெந்திலுள்ள சுண்ணாம்பை அசிட் அரித்துவிடும். மினுக்கிய சிவப்புத் தரை வெளிறிச் சொரசொரத்துப் போகும், பழைய மினுக்கம் லேசில் திரும்பாது. மார்பிளுக்கும் இதே கதிதான். அங்கே சவர்க்காரத் தண்ணீர் போதும். புதிதாக எதைப் பாவித்தாலும் முதலில் கதவுக்குப் பின்னால் ஒரு மூலையில் தொட்டுப் பாருங்கள்.

இதைவிடப் பெரிய பிழை, அசிட் போட்ட இடத்திலேயே பிளீச்சிங்கை ஊற்றுவது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். சின்ன யன்னல் உள்ள குளியலறையில் குனிந்து தேய்ப்பவருக்குக் கண் எரியும், மூச்சு முட்டும், உயிரே போகலாம். "ரெண்டையும் போட்டால் நல்லா வெளுக்கும்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே மறித்துவிடுங்கள். ஒரு இடத்துக்கு ஒரு நாளில் ஒன்று மட்டும்தான். சோடாப் போத்தலில் அசிட் ஊற்றி வைக்கவும் கூடாது. பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குப் போகிறீர்கள்.

கந்தோர் வேலை பிடிக்க நினைத்தால் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். விலைமனு கேட்பவர்கள் அனேகமாக அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

அப்புறம், திறப்பு. அதை யார் கையில் கொடுத்தார்கள், யார் வைத்திருப்பது என்று எழுதி வையுங்கள். உள்ளே போனதும் ஏற்கெனவே கீறல் விழுந்த கண்ணாடி, உடைந்த டைல்ஸ் எல்லாவற்றையும் படமெடுத்து வீட்டுக்காரருக்கு வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அவர் "சரி" என்று பதில் போட்ட பிறகு வேலையைத் தொடங்கலாம்.